மாண்ட்ரியலில் நான் நடத்திய கடற்போர்கள்

கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தால் "என்ன, கப்பல் கவிழ்ந்துவிட்டதா?" என்று நம் ஊரில் கேட்பார்கள், என் தொழிலில் அதற்கு, "ஆமாம், இரண்டு கவிழ்ந்தாகிவிட்டது, மூன்றாவதை எங்கே கவிழ்ப்பது என்றுதான் யோசிக்கிறேன்" என்று உண்மையாகவே பதில் சொல்லலாம்.

பழைய காலத்துப் பாய்மரக் கப்பல்கள் பீரங்கியால் சுட்டுக்கொள்ளும் சண்டைகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது என் தொழில். எழுபதுகளில், மாண்ட்ரியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதி அடுக்குமாடி ஒன்றில், ஒரு தமிழன் இதைச் செய்தான் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மாமனாரும் நம்பவில்லை. எஞ்சினியரிங் கம்பெனியில் வரைபடம் போடும் நல்ல வேலையை விட்டுவிட்டு இதில் குதித்தேன். என் மனைவி வசந்தா பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர். அவள் கோபப்படவில்லை; கெடு வைத்தாள். வருகிற குளிர்காலம் முடிந்து பனி உருகுவதற்குள், சுவர் அகலத்துக்கு ஒரு படமாவது யாராவது கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி கம்பெனி. வீட்டில் கெடு வாங்கிக்கொண்டு கலை வளர்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

பறக்குது பார் கொடி

முதல் படத்தை முடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய்கள் புடைத்துக்கொண்டு கப்பல் சீறிப் பாய்கிறது, உச்சியில் கொடி பின்பக்கம் படபடக்கிறது. வசந்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள். நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

அதுவரை நான் அருகிலிருந்து பார்த்த கொடிகளெல்லாம் தேர்தல் சமயத்தில் மெட்ராஸ் தெருக்களில் பார்த்தவை. வண்டி முன்னே போகும், கொடி பின்னே பறக்கும். கப்பலைத் தள்ளுவதே காற்றுதான், அதே காற்றுதான் கொடியையும் தள்ளும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு ஒரு நிமிஷத்தில் தோன்றிவிட்டது.

"பாய் அந்தப் பக்கம் உப்பியிருக்கு, கொடி இந்தப் பக்கம் பறக்குது. ஏங்க, இது கப்பலா, மந்திரி காரா?"

கிரகப்பிரவேசம்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் புது வீடு வாங்கிய எஞ்சினியர் ராமநாதன், சோபாவுக்கு மேலே மாட்ட ஒரு சின்னப் படம் கேட்டார். கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மனைவிக்கு ஒரே ஒரு குறைதான்: கப்பல் வாசலைப் பார்த்துப் போகிறது, கூடவே லட்சுமியும் போய்விடுவாள். சரி, கப்பலை வீட்டுக்குள் வருகிற மாதிரி திருப்பினேன். கப்பலைத் திருப்பினால் காற்றைத் திருப்ப வேண்டும், காற்றைத் திருப்பினால் அலையைத் திருப்ப வேண்டும். ஒரு மாதம் போனது.

இரண்டாம் முறை பார்த்தபோது, புது வீட்டில் நெருப்பு வேண்டாமே என்றார் அந்த அம்மாள். நெருப்பை அணைத்தேன். மூன்றாம் முறை நல்ல காப்பி கொடுத்தார். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

"ரொம்ப லட்சணமா இருக்கு தம்பி. அந்த முழுகுற கப்பலை மட்டும் கொஞ்சம் தூக்கி விட்டுடுங்களேன், நல்ல நாளும் அதுவுமா."

தூக்கி விட்டேன்.

இரண்டு முதலாளிகள்

ஜனவரியில் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. பழைய துறைமுகத்துப் பக்கம் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்று திறக்கப்போகிறார்கள், ஒரு சுவர் முழுக்கக் கடற்போர் வேண்டும், ஆங்கிலக் கப்பலும் பிரெஞ்சுக் கப்பலும் மோத வேண்டும் என்று ஆள் வந்தது. நான் தரையில் கால் பாவாமல் போனேன். முதலாளிகள் இரண்டு பேர். ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து மஞ்சள் தடத்து மெட்ரோவில் வருகிற மார்செல் பிரெஞ்சு பேசுகிறவர். ஜார்ஜ் ஆங்கிலம் பேசுகிறவர். கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு எந்த மொழி பெரியது என்று ஊரே மல்லுக்கட்டிய காலம் அது.

மார்செல் என்னை ஓரமாக அழைத்துப்போய், பிரான்ஸ் ஜெயிக்கிற சண்டையாக இருக்கட்டும் என்றார். என் கோட்டு எடுக்கப் போன இடத்தில் ஜார்ஜ், பெரிதாக ஒன்றும் வேண்டாம், இங்கிலாந்து ஜெயித்தால் போதும் என்றார். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று சாப்பிட வந்திருந்தார் சிவம், வசந்தாவின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பர். கதையைக் கேட்டுச் சிரித்து முடித்தபின் யோசனை சொன்னார்.

"அண்ணை, நிறையப் புகையைப் போடுங்கோ. புகைக்குள்ள ஆர் வெண்டதெண்டு ஆருக்குத் தெரியும்?"

புகை

பீரங்கிப் புகையில் எனக்கு நல்ல கை உண்டு. மஞ்சள் புகை, சாம்பல் புகை, நடுவே ஒரு பாய்மர நுனி. கொடி ஒன்றும் தெரியாது. பெருமையோடு சின்ன மாதிரி ஒன்றைத் தீட்டிக்கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். ஜார்ஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மார்செல் தள்ளி நின்று பார்த்தார். இருவரும் அன்றுதான் முதல்முறையாக ஒத்துப்போனார்கள்.

"ஐயா, இது சாப்பாட்டுக் கடை. இதைப் பார்க்கிறவன் அடுப்பங்கரையில் தீப்பிடித்துவிட்டது என்று எழுந்து ஓடிவிடுவான்."

எங்கள் ஊர்ச் சண்டை

மார்ச் பிறந்துவிட்டது. வசந்தா ஜன்னல் வழியே பனியை அவ்வப்போது பார்த்தாள், வாய்விட்டுச் சொல்வதைவிட அது மோசம். அந்தச் சுவர் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் நாகப்பட்டினத்துக்காரன். இதே ஆங்கிலேயரும் இதே பிரெஞ்சுக்காரரும் எங்கள் ஊர்க் கடலிலேயே அடித்துக்கொண்டவர்கள். ஒரு சண்டையில் மும்முரமாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது, மத்தியானக் கடல்காற்று சட்டென்று திரும்பி, இரண்டு பக்கத்து வரிசையையும் கலைத்துப்போட்டது. யாரும் ஜெயிக்கவில்லை. எங்கள் ஊர்க் காற்றுக்குக் கட்சி கிடையாது.

அதையே போட்டேன். இரு தரப்புப் பாயும் தாறுமாறாகத் திரும்பி அடித்துக்கொள்ள, இரு கொடிகளும் ஒரே பக்கம் பறந்தன. கரையோரம் காலியாக இருந்த மூலையில், கட்டுமரத்தில் வலை இழுக்கும் ஒரு மீனவரையும் வைத்தேன். மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டியதும் மார்செல், "நாங்கள் துரத்துகிறோம்" என்றார். ஜார்ஜ், "இல்லை, நாங்கள்தான்" என்றார். குரல்கள் உயர்ந்தன. போச்சு, இதுவும் போச்சு என்று படத்தைச் சுருட்டாத குறையாக நின்றேன்.

மார்செல் குனிந்து மூலையைப் பார்த்தார். அது யார் என்றார். எங்கள் ஊர்க்காரர், அவருக்கு அன்றைக்குச் சமையலுக்கு மீன் வேண்டும் என்றேன். மார்செல் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு ஜார்ஜும். இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுவர் எனக்கே என்று முடிவாயிற்று. ஜார்ஜ் மட்டும் அந்த மூலையைத் தட்டி ஒரு திருத்தம் கேட்டார்.

"இவரைப் பெரிதாகப் போடுங்கள். ஜெயித்தது இவர்தான், மீன் இவரிடம்தானே இருக்கிறது."

இரண்டு வல்லரசுகள் மோதி ஒருவரும் ஜெயிக்காத சண்டையில் பிழைத்துக்கொண்ட இரண்டாவது நாகப்பட்டினத்துக்காரன் நான்தான் என்று மார்தட்டினால், அந்த வருஷம் பனி தாமதமாக உருகியதுதான் காரணம் என்கிறாள் வசந்தா.