நான்கு பழைய கம்ப்யூட்டர்களும் பனி விழும் ஊரும்

நான் ஐந்தாவது படித்த வருடம், சென்னீர்குப்பத்தில் சித்தி தன் வீட்டு முன்னறையில் நான்கு பழைய கம்ப்யூட்டர்களை வைத்துத் தெருப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டவை. நான்கிலும், கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ்தான் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிய பதிப்பைப் போட்டதும் ஒரு கம்ப்யூட்டர் பாதியிலேயே நின்றுவிட்டது.

“இன்னா சித்தி, செத்துட்ச்சா?”

“சாவல. புது லினக்ஸ் சொல்ற சில கட்டளை இந்தப் பழைய பிராசஸருக்குத் தெரியாது. இனிமே புது பிராசஸருக்கு மட்டுந்தான் செய்வாங்களாம்.”

பழைய பதிப்புக்கும் அந்த வருடத்தோடு திருத்தங்கள் வருவது நின்றுவிடும் என்றாள். சித்தப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “காயலாங்கடையில போட்டுட்டு வேலையப் பாரு” என்றார். வகுப்பு நின்றால் முன்னறை தனக்குத் திரும்பக் கிடைக்கும் என்ற ஆசை அவருக்கு.

சித்தி லினக்ஸைச் செய்கிறவர்களுக்கு மெயில் எழுதினாள். இரண்டு நாளில் ஒருவர் பதில் போட்டார். அவ்வளவு பழைய கம்ப்யூட்டர் தங்களிடம் ஒன்றுகூட இல்லை, சோதித்துச் சொல்ல ஆள் இருந்தால் பழையவற்றுக்கும் தனிப் பதிப்பைத் தொடரலாம், நீங்கள் செய்வீர்களா என்று கேட்டிருந்தார்.

சித்தி செய்கிறேன் என்று எழுதினாள். அதன்பிறகு ஞாயிறுதோறும் அவரிடமிருந்து ஒரு சோதனைப் பதிப்பு வரும். ஒரு கம்ப்யூட்டரில் போடுவோம், நின்றுபோகும். திரையில் உறைந்து நிற்கும் வரிகளை நான் படிக்க, சித்தி இன்னொன்றில் தட்டி அனுப்புவாள்.

“ஒவ்வொரு எய்த்தா படி. ஒண்ணு வுட்டாக்கூட அந்தாளுக்கு வெளங்காது.”

நான்காவது ஞாயிறு அவர், வாசலில் பனியை அள்ளிப் போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன் என்று எழுதினார். எனக்குத் தெரிந்த பனி, மார்கழிக் காலையில் பைபாஸ் லாரிகளை மறைக்கிற பனிதான். அதை எப்படி அள்ளுவார்கள்?

சாயங்காலம் அவர் திருத்தி அனுப்பியதைப் போட்டோம். திரை ஒருமுறை கறுத்து, பிறகு பளிச்சென்று வந்தது. நான்கிலும் வந்தது. எங்கோ பனி அள்ளுகிற ஒருவர் ஏதோ ஒரு வரியை மாற்ற, எங்கள் முன்னறையில் வெளிச்சம்.

“நம்ம நாலு டப்பாவுக்கா சித்தி அந்தாளு இவ்ளோ பாடுபட்றாரு?”

“நமக்கு மட்டுமாடி? இதே மாதிரி டப்பா வெச்சிக்கினு எங்கெங்க எத்தினி பேர் கீறாங்களோ.”

பழைய பிராசஸர்களுக்கான பதிப்பு வெளியான அன்று அவருடைய மெயில் வந்தது. நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது, நன்றி என்று எழுதியிருப்பதாகச் சித்தி சொன்னாள். சொல்லிவிட்டு அந்த மெயிலை இன்னொருமுறை முதலிலிருந்து படித்தாள்.

எனக்கோ குழப்பம். சரிசெய்து கொடுத்தவர் அவர். நன்றியையும் அவரே ஏன் சொல்கிறார்? அந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.