சிங்கப்பூர் வழியில் பெருநாள் வியாபாரம்

கல்யாணம் முடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மாமனாரின் புடவைக்கடையைத் திருத்தும் புத்தி எனக்கு வந்துவிட்டது. காரணம், கொழும்புக் கம்பனியிலிருந்து ஜப்பான் சாறி கொண்டுவந்த ஏஜெண்ட். ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் விற்றுப் பழகியவர். "சீலையை வீடு வீடாக அனுப்பாதீர்கள். கடையில் தொங்கவிடுங்கள், ஆளுயரக் கண்ணாடி வையுங்கள். வாங்குகிறவர்கள் தேடி வருவார்கள்" என்றார். சிங்கப்பூரில் நடப்பது கல்முனையில் ஏன் நடக்காது என்று நானும் துள்ளினேன்.

எங்கள் முஸ்லிம் பெண்கள் கடைத்தெருவுக்கு வருவதில்லை. பெருநாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சீலைகளைப் பொட்டலமாகக் கட்டி வீடுகளுக்கு அனுப்புவோம். பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார்கள்.

"இந்தப் பெருநாளைக்கு உங்கட எண்ணப்படி செய்ங்க மகன்" என்றார் மாமனார். "வித்தா கடைய நீங்களே பாருங்க. விக்காட்டி நம்மட இறக்காமத்து வயல் வேலைக்குப் போங்க."

அங்கே யானை இறங்கும். எனக்கு எருமையைக் கண்டாலே கால் பின்னும்.

கண்ணாடி வந்தது. மனைவிமாருக்காக ஆண்கள் வந்தார்கள். பெரிய வயல்காரரான தாடிக்காரப் போடியார் ஒருவர் ரோசாப்பூச் சாறியைத் தோளில் போட்டு, கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார்.

"தம்பி, இது எடுக்குதா, பொருத்தமா இரிக்கா?"

"உங்களுக்கு எடுக்குது காக்கா. ராத்தாக்கு எப்புடியோ!"

மறுநாளே அந்தச் சாறி திரும்பி வந்தது. அவர் மனைவி ராத்தாவுக்குப் பிடிக்கவில்லையாம். பின்னாலேயே மற்றவையும் வந்தன.

பெருநாளைக்கு நாலே நாள். இருந்ததில் அழகான மயில்கழுத்து நிறச் சாறியை என் மனைவியிடம் கொண்டுபோனேன். கரையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இரிக்கி. ஆனா நாலு பொம்புளையள் பாத்துக் கதைக்காத சீலைய எப்புடி எடுக்கிற? எல்லா வீட்டுலயும் இதுதான். பேசாமப் பொட்டலத்தக் கட்டி அனுப்புங்க."

எல்லாவற்றையும் கட்டி அனுப்பினேன். பொட்டலங்கள் வேலிக்கு மேலால் கைமாறின. மூன்றாம் நாள் ஒரு சாறிகூடத் திரும்பவில்லை. மாமனார் சாவியை என் கையில் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெருநாள் காலையில் பக்கத்து வீட்டு மச்சி பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் கொண்டுவந்தாள். உடுத்தியிருந்தது அந்த மயில்கழுத்துச் சாறி. என் மனைவி போன வருடத்துச் சீலையில் நின்றாள். அவளுக்கென்று ஒன்றை எடுத்துவைக்க எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தில் குறுகிப்போனேன்.

"சாறி உங்களுக்கு நல்லா எடுக்குது மச்சி" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.