‘முன்னாடி’க்குத் தடை

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணி காயும் கொடி வரைக்கும் என் நாத்தனார் ஒரே வரிசையாகக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு சிப்பியோ சங்கோ பதிந்திருக்கும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பூமியில் என்றைக்கோ கடல் இருந்ததற்குச் சாட்சி என்று அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. மற்ற பெண்கள் வளையல் கடையைப் பார்க்கிற கண்ணோடு இவள் சாலையோர ஜல்லிக் குவியலைப் பார்ப்பாள். அன்று வரிசையை முடித்துவிட்டு, நடுவில் சுருள் சங்கு பதிந்த பெரிய கல்லைக் காட்டி, “இதுதான் பூஜ்யம். இதுக்கிட்ட வந்து நில்லுங்க மச்சி” என்றாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற நான், அடுத்த வீட்டு மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு போய் நின்றேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தேறாமல், லெப்பைக்குடிக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். வீட்டுக்காரர் துபாயில். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்குப் போக ஆரம்பித்த சமயம், ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. பத்தாவது தேறியிருக்க வேண்டும். எனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்பது வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஆசை. குறுக்கே நின்றது அந்த ஒரு பாடம்தான். தனித்தேர்வு எழுதலாம், ஆனால் இந்த முறை விட்டால் வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

என் நாத்தனார் கணக்கில் எம்.எஸ்சி. படித்துவிட்டு, பஸ் மாறிப் பஸ் ஏறி அரியலூரில் ஒரு பள்ளிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். பாடத்தை முடிப்பதா, புரியாமல் விழிக்கிற பிள்ளைக்காக நிற்பதா என்று வந்தால் இவள் நின்றுவிடுவாள். அதற்கு அங்கே நேரமில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டு மாடியில் டியூஷன் ஆரம்பித்தாள். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முடிந்தவர்கள் பிள்ளைகளைப் பெரம்பலூர் டவுனுக்கு அனுப்பினார்கள். எங்கேயும் கணக்கு ஏறாத பிள்ளைகள்தான் எங்கள் மாடிப்படி ஏறின. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியானேன்.

தப்பு என்ற சொல் அவள் வாயில் வராது. “இந்த விடைக்கு எந்த வழியா வந்தீங்க?” என்றுதான் கேட்பாள். வந்த வழியைச் சொல்லிக்கொண்டே போனால், எந்த இடத்தில் தடம் மாறினோம் என்று நமக்கே பிடிபட்டுவிடும். என்னிடம் மட்டும் அது பலிக்கவில்லை. எந்தக் கணக்கைப் போட்டாலும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அதற்காகத்தான் அந்தக் கல்வரிசை.

“ரெண்டு கல்லு முன்னாடி போங்க” என்றாள். நான் தொட்டிப் பக்கம் போனேன். அது கழித்தல் பக்கம். முன்னாடிதானே போகச் சொன்னேன் என்றாள்.

“முன்னாடிதான் வந்திருக்கேன். ஒண்ணுக்கு முன்னாடி பூஜ்யம், பூஜ்யத்துக்கு முன்னாடி இந்தக் கல்லு.”

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு நாளைக்கு முன்னாடி என்றால் கடந்துபோன நாள், ரெண்டு அடி முன்னாடி என்றால் இனிமேல் போகப்போகும் இடம். ஒரே சொல் இரண்டு திசையையும் காட்டினால் படிக்கிறவர் எந்தப் பக்கம்தான் போவார் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் மாடியில் ‘முன்னாடி’க்குத் தடை. தொட்டிப் பக்கம், கொடிப் பக்கம், அவ்வளவுதான்.

பிறகு, “அண்ணன் எட்டு மணிக்கு ரூமுக்கு வந்துட்டா நமக்கு என்ன மணி?” என்று கேட்டாள். யோசிக்காமல் ஒன்பதரை என்றேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தக் கணக்கில்தானே குடும்பம் நடத்துகிறேன். கல்லுக்கு அரை மணி நேரம் என்று வைத்து, நம் ஊரைப் பூஜ்யத்தில் நிறுத்தினாள். துபாய் தொட்டிப் பக்கம் மூன்றாவது கல், கழித்தல் ஒன்றரை. என் தம்பி வேலை பார்க்கும் சிங்கப்பூர் கொடிப் பக்கம் ஐந்தாவது கல், கூட்டல் இரண்டரை. இருவருக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்றாள். துபாயிலிருந்து சிங்கப்பூருக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். நான்கு மணி நேரம். இரண்டரையிலிருந்து கழித்தல் ஒன்றரையைக் கழித்தால் நான்கு. கழிக்கும்போது எப்படிக் கூடும் என்று பள்ளியில் எத்தனை தரம் சொல்லியும் ஏறாதது, வீட்டுக்காரரும் தம்பியும் ஆளுக்கொரு கல்லில் நின்றதும் விளங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்வன்று பெரம்பலூருக்கு அவளும் என்னோடு பஸ்ஸில் வந்தாள். வழி நெடுகக் கணக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. அரங்கில் குறியில் சந்தேகம் வந்தபோதெல்லாம் மேசைக்கு அடியில் காலைத் தொட்டிப் பக்கமோ கொடிப் பக்கமோ மெதுவாக நகர்த்திப் பார்த்துக்கொண்டேன். தேறிவிட்டேன். மதிப்பெண் வெளியே சொல்லும்படி இல்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை, எந்தக் கணக்குகளை விட்டேன் என்றுதான் விசாரித்தாள். மனுப் போட்டேன், வேலையும் கிடைத்தது.

அந்த மாதமே ஒரு நிக்காஹ் வீட்டில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரம்பலூரில் எந்த சென்டரில் படித்தாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சில பேர் அவர்களாகவே பெரிய பெரிய பெயர்களைச் சொன்னார்கள். என் நாத்தனார் பக்கத்திலேயே சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எங்க வூட்டு மாடியிலதான் படிச்சேன். இவங்கதான் எங்க டீச்சர்” என்றேன்.

அதுவரை அவளை ‘வா, போ’ என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். ‘இவங்க’ என்று அதுவாகவே வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

இப்போது அங்கன்வாடி முடிந்து நான் வீடு திரும்பும் நேரத்தில் எங்கள் மாடிப்படியில் செருப்பு விட இடமிருப்பதில்லை. எல்லாம் பெரிய பெண்கள் போடுகிற செருப்பு. என்னைப் போலவே ஏதோ ஒரு வகுப்பில், ஏதோ ஒரு பாடத்தில் நின்றுபோனவர்கள். என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நெஞ்சு நிறைந்த பெருமையோடு உள்ளே போகிறேன்.