கன்னியப்பனின் நாய்

வயல் எலி பிடித்துப் பிழைக்கும் கன்னியப்பனுக்கு வரப்பில் எலிவளை கண்டுபிடித்துக் கொடுக்கும் நாயை, என் கோழியைக் கடித்த கோபத்தில், நாய் பிடிக்கும் வண்டிக்காரரிடம் பிடித்துக் கொடுத்தவன் நான். அது தெரியாமல் கன்னியப்பன் ஊரெல்லாம் தேடினார்.

அடுத்த மாதம் ஏரிக்கரையில் வழுக்கிக் கால் முறிந்த என்னைச் சுமந்து வந்தவரும் அவர்தான். மாவுக்கட்டோடு கிடந்தபோது, வரலாற்றுப் புத்தகங்கள் தவிர வேறெதுவும் படிக்காத எனக்கு நண்பர் ஒருவர் உத்திரமேரூரிலிருந்து ஒரு நாவல் கொண்டுவந்தார். வழிதவறிய நாயின் கதை. கீழே வைக்க முடியவில்லை. பார்க்க வந்த கன்னியப்பனிடமும் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினேன்.

பாதியில் குறுக்கிட்டார். "அது வூட்டுக்கு வந்துச்சா இல்லியா, அத்த சொல்லு நைனா. என்னுதுக்கும் தெனம் சோறு எடுத்து வெச்சிக்கினுதான் கீறேன்."

எழுந்து போகவும் வழியில்லை. "அது வந்தது. உன்னுது வராது. வண்டிக்காரனைக் கூப்பிட்டவன் நான்தான்" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார்.

நடக்க முடிந்ததும் ஒரு நாய்க்குட்டியோடு அவர் குடிசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இதுவும் உன் கோழிய கடிக்கும். அப்ப இன்னா பண்ணுவ?" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

யார் புத்தகம் கேட்டாலும் அந்த நாவலைத்தான் சொல்கிறேன். குட்டி வளர்ந்து, அறுப்பு முடிந்த வயல்களில் வளை தோண்டுகிறது. என் வரப்பை நெருங்கினால் மட்டும், கன்னியப்பன் சீழ்க்கையடித்து அதைத் திருப்பி அழைத்துக்கொள்கிறார்.