மிட்டாய் இன்ஸ்பெக்டரம்மா

சங்கரன்கோவிலில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது எங்கள் பள்ளியைப் பார்வையிட ஓர் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். குட்டையான உருவம், பெரிய கைப்பை. வாயில் எப்போதும் புளிப்பு மிட்டாய். அதை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுத்தான் பேசுவார்.

என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். எனக்கோ எழுத்துகள் இடம் மாறித் தெரியும். 'பறவை'யை 'பவறை' என்றேன். வகுப்பே சிரித்தது.

"அது மக்கும்மா. வேற பிள்ளைய எழுப்புதேன்" என்றார் தமிழ் சார்.

இன்ஸ்பெக்டரம்மா மிட்டாயை ஒதுக்கினார். என் புத்தகத்தை வாங்கித் தலைகீழாக சாரிடம் நீட்டினார்.

"சார்வாள், நீங்க வாசிங்க. திருப்பப்படாது."

ஒரு வரியை முடிப்பதற்குள் சாருக்கு வேர்த்துவிட்டது.

"தெரிஞ்ச எழுத்துதானே, ஏன் திணறுதீங்க?"

"எழுத்து ஒழுங்கா நிக்கலையேம்மா."

"இவளுக்கு நேராப் பிடிச்சாலும் நிக்க மாட்டேங்குது. அதுக்குப் பேரு மக்கு இல்ல."

"பின்ன என்ன பேரும்மா?"

"அது எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

அவர் மறுபடி வரவேயில்லை. எழுத்து நிற்காதது மக்குத்தனம் இல்லை என்று எங்கே தெரிந்துகொண்டாரோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மறுநாள் சார் என்னைப் பார்த்து 'மக்கு' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். வேறு பட்டம் எதுவும் அகப்படாமல், அந்த வருஷத்திலேயே முதன்முறையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.