நான் அடித்த துக்கமணி

எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் என்னை வாய்க்காரி என்பார்கள். பொய் இல்லை. அந்த வாயால்தான் என் வீட்டுக்காரரைத் தொலைத்தேன். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். வெள்ளைக்கார மிஷனரி ஐயர்மார் காலத்தில் கட்டிய கல் கோயில். சுற்றிலும் சீமைக்கருவேலங்காடு. அந்தக் கோபுரத்து மணியை முப்பத்தைந்து வருடம் அடித்தவர் என் வீட்டுக்காரர். நாலு வருடத்துக்கு முன்னால் அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவியை மறந்தார். பிறகு வழியை மறந்தார். கடைசியில் என்னை மறந்தார். "ஏம்மா, நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று என்னிடமே கேட்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒருத்திதான் பார்க்க வேண்டும்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவிட்டார். அது மூன்றாவது தடவை. "எங்கிட்டாவது போய்த் தொலைங்க, என்னால ஏலல" என்று கத்திவிட்டேன். கொல்லைப் பக்கம் போய் அழுது, முகம் கழுவி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

இரண்டு நாள் தேடினோம். கண்மாய்க் கரை, பஸ் ஸ்டாண்டு, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி, ஒன்று பாக்கியில்லை. போலீஸ் ஸ்டேஷனிலும் போட்டோ கொடுத்தோம். வெயில் என்றால் எங்கள் பக்கத்து வெயில். நின்றாலே நாக்கு வறண்டுவிடும். புதன்கிழமை சாயங்காலம் ஆம்பளைகள் காட்டுக் கிணறுகளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதற்கென்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? அவரைக் கொன்றது நான்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன். அன்றிலிருந்து சாப்பிடவில்லை.

வியாழன் மதியம் தேடினவர்களும் ஓய்ந்துபோனார்கள். எங்கள் சபை ஐயர் தன் சேகரத்தைச் சேர்ந்த வேறு ஊர்ச் சபைக்குப் போயிருந்தார். கோயிலைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே போனேன். முழங்காலில் நிற்கவில்லை. "ஆண்டவரே, அவுகள உசுரோட கேக்கல. உடம்பையாவது தாரும். அடக்கமாவது பண்ணிக்கிறேன்" என்றேன். அதுதான் என் ஜெபம். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கோயில் அமைதியாகவே இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருடம் உமக்காக ஊரைக் கூட்டின மனுஷனுக்கு இதுதானா என்று கேட்டுக்கொண்டே போய் மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அதுவரை நான் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. ஆராதனைக்கு என்றால் விடாமல் அடிக்க வேண்டும். எனக்கு அதற்குத் தெம்பு ஏது? ஓர் இழுப்பு, கொஞ்சம் அழுகை, மறுபடி ஓர் இழுப்பு. மணி ஒற்றை ஒற்றையாக விழுந்தது. எங்கள் ஊரில் அது துக்கமணி. யாராவது இறந்தால்தான் அப்படி அடிப்பது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஊரே ஓடி வந்தது. என் நாத்தனார் தலைவிரிகோலமாக வந்து, "எண்ணே, போயிட்டியாண்ணே!" என்று என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் ஒருவர் ஐஸ் பெட்டிக்குப் போன் பண்ணிவிட்டார்.

அப்போது ஒரு டூ வீலர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் காட்டுக்குள் கருவேல விறகைச் சுட்டுக் கரியாக்கும் வெளியூர்க்காரர். பின்னால் வெறுங்காலோடு, வேட்டியெல்லாம் கரியாக உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர்.

"முந்தாநாள் பொழுதுசாய எங்க கரிமூட்டத்துக்கிட்ட வந்து விழுந்தாருங்க. கஞ்சி குடுத்தோம். பேரும் சொல்லத் தெரியல, ஊரும் சொல்லத் தெரியல. எங்க கொண்டாந்து விடன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். இந்த மணிச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு, கோயிலுக்குப் போகணும்னு நடக்க ஆரம்பிச்சுட்டாரு" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் மெதுவாக இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"யாரு தவறிட்டாக?"

நாத்தனார் அழுகையோடே சிரித்துவிட்டாள். நான் மண்ணில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். கொப்புளம் கொப்புளமாக இருந்தது அந்தக் கால்.

அவருக்கு நோய் குணமாகவில்லை. அதை மறைத்தால் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும். இன்றைக்கும் நான் யாரென்று அவருக்குத் தெரியாது. சில நாள் உடைந்துபோகிறேன். கோபமும் வருகிறது. வந்தால் பக்கத்து வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய் ஆண்டவரிடம் கத்துகிறேன். அவர் தாங்குவார், என் வீட்டுக்காரர் தாங்க மாட்டார்.

நம்பிக்கை செத்துப்போய், எப்படி ஜெபிப்பது என்றுகூடத் தெரியாமல் இதை வாசிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். நான் பிணத்தைக் கேட்டேன். அவர் ஆளைக் கொடுத்தார். தப்பாகவாவது கேளுங்கள்.