கிணற்றுக்கு மீன் வைத்த சோதனை

எங்கள் கிணற்றுத் தண்ணீர் மண்ணெண்ணெய் மணக்கத் தொடங்கிய கிழமையில் வீட்டில் ஆளையாள் சந்தேகித்தோம். துறைமுகக் கரையில் நிற்கிற பழைய எண்ணெய்த் தாங்கிகள்தான் கசிகின்றன என்றார் அம்மா. அந்தத் தாங்கிகளுக்கு வால்வு பூட்டித் திறக்கிற வேலை அப்பாவுக்கு.

"என்ர தாங்கி ஒழுகாது. உம்மட மூக்குத்தான் பழுது."

உண்மைக் குற்றவாளியை எனக்கு மட்டுந்தான் தெரியும். கடையில் வாங்கிய மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, காகங்களுக்குத் தலைகீழாக நின்று காட்டப்போய், காலால் தட்டி உள்ளே விழுத்தியவன் நான். நாய் துரத்தி ரோட்டில் உடைந்ததென்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

உப்புவெளியிலிருந்து வந்த மாமா ஒரு மீனைக் கிணற்றில் விட்டார். ஒரு கிழமை உயிரோடிருந்தால் குடிப்பது, செத்தால் கிணற்றைத் தூர்ப்பது. அதுவரை அம்மா, கைக்குழந்தையான தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்திக் குழாயடியில் நின்றார்.

மறுநாள் விடிய எட்டிப் பார்த்தால் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. செத்த மீனைக் கண்டால் விசாரணை வரும். வந்தால் என் முழியே சாட்சி சொல்லிவிடும். வாளியால் அள்ளிப் புதைத்துவிட்டு, வாய்க்காலில் இன்னொன்று பிடித்து விட்டேன். இப்படி மூன்று செத்தன. சோதனையில் பாஸான நாலாவது மீன் கிழமை முடிவதற்கு முதல்நாள் பின்னேரந்தான் வந்து சேர்ந்தது.

"தம்பி, இது நேத்தையான் மீனை விடச் சின்னனாக் கிடக்கு" என்றார் அம்மா மாமாவிடம், என்னைப் பார்த்தபடி.

"கவலையிலை மெலிஞ்சிருக்கும் அக்கா. நீங்கள் பாக்கிற பார்வை அப்பிடி."

அப்பா ஒரு செம்புத் தண்ணீரை வென்றவர் மாதிரி அண்ணாந்து குடித்தார். பிறகு எல்லோரும் குடித்தோம். மணத்துக்கு மூக்கும் பழகிப்போயிற்று.

ஆடியில் நீர் வற்ற, மாமா கிணறு கலக்கி இறைக்க இறங்கினார். சேற்றோடு வாளியில் ஏறி வந்தது என் போத்தல். தக்கை இறுகினபடி, கழுத்துவரை எண்ணெய். ஒரு துளிகூட வெளியே போகவில்லை! சந்தோஷத்தில் முழுவதையும் உளறிவிட்டேன்.

"அப்பா, நான் இல்லை! அந்த மூண்டு மீனும் என்னாலை சாகேல்லை!"

பொய்களுக்கு அடி விழுமென்று முதுகைக் கொடுத்து நின்றேன். விழவில்லை. அப்பா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய், தங்கச்சிக்கு ஆறவைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து முற்றத்தில் ஊற்றினார். அம்மாவை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் தப்பிவிட்டது அவருக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று சந்தேகித்தேன்.